ஆம், இல்லை, ஓரளவு

அறிவியல் அரங்கம்

நடுத்தர வயதைக் கடந்த இருவர் சந்தித்துக்கொண்டால், ஸலாமுக்கும் நலம் விசாரிப்புக்கும் அடுத்தபடியாக எழுகின்ற கேள்வி பெரும்பாலும் சர்க்கரையைப் பற்றியதாகவே இருக்கிறது. ‘உங்களுக்குச் சர்க்கரை உண்டா?’ என்று ஒருவர் கேட்கிறார். ‘உண்டு’ என்பது ஒரு விடை. ‘அல்ஹம்துலில்லாஹ், இல்லை’ என்பது மற்றொரு விடை. இவ்விரண்டையும் விட நம் இல்லங்களில் அதிகமாகக் கேட்கப்படுவது மூன்றாவது விடைதான். ‘லேசாக இருக்கிறது’, ‘பார்டரில் இருக்கிறது’, ‘கொஞ்சம் கூடுதல் என்கிறார் டாக்டர்’ என்பன அவை.

இந்த மூன்றாவது விடையை நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் ‘லேசாக’, ‘கொஞ்சம்’, ‘ஓரளவு’, ‘மிகவும்’ என்னும் இச்சொற்களுக்குக் கணிதத்தில் நெடுங்காலம் இடமே இருந்ததில்லை. அவற்றுக்கு இடம் தேடிக் கொடுத்த ஒரு தருக்க முறை, இன்று சர்க்கரை நோயாளியின் உடலில் இன்சுலினைச் செலுத்தும் கருவிவரை வந்து சேர்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஃபஸி லாஜிக்’ எனப்படும் அதனைத் தமிழில் ‘மங்கல் தருக்கம்’ என்று வழங்கலாம். அது என்ன, மருத்துவத்திற்கு அது செய்துள்ள உதவி யாது, அதிலிருந்து நாம் பெறத்தக்க படிப்பினை என்ன என்பனவற்றை இவ்விதழில் காண்போம்.

கோடு போட்டது யார்?

வெறும் வயிற்றில் எடுக்கப்படும் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் சர்க்கரை இருந்தால் நீரிழிவு. 125 இருந்தால் நீரிழிவு இல்லை. இது மருத்துவ உலகம் வகுத்துள்ள வரையறை. நோயை உறுதி செய்ய மறுபரிசோதனையும் தேவை என்பது வேறு செய்தி. ஒரே ஒரு மில்லிகிராம் ஒருவரை நோயாளியாகவும் மற்றவரை நோயற்றவராகவும் ஆக்குகிறது. அவ்விருவருடைய உடல்களுக்கும் இடையே உண்மையில் அத்தனை பெரிய வேறுபாடு உண்டா?

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். இந்த எல்லை எப்போதுமே 126 ஆக இருந்ததில்லை. 1997ஆம் ஆண்டுக்கு முன்னர் அது 140 ஆக இருந்தது. அவ்வாண்டில் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அதனை 126 ஆகக் குறைத்தது. காலைச் சர்க்கரை 130 உடையவராக அதுவரை நடமாடி வந்த ஒருவர், உடலில் எந்த மாற்றமும் நிகழாமலேயே நோயாளிகளின் பட்டியலுக்குள் வந்துவிட்டார். இரத்த அழுத்தத்திலும் இதுவே நடந்தது. 140/90 என்றிருந்த எல்லையை 2017இல் அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 130/80 என இறக்கின.

மருத்துவர்கள் மனம்போன போக்கில் கோடு போடுகிறார்கள் என்பது இதன் பொருளன்று. எந்த அளவுக்கு மேல் கண்களும் சிறுநீரகங்களும் இதயமும் பாதிக்கப்படுகின்றன என்பதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தே அவர்கள் எல்லை வகுக்கிறார்கள். ஆனால் நோய் என்பது கதவைத் திறந்துகொண்டு ஒரே அடியில் உள்ளே நுழைவதன்று. மாலை மங்கி இரவாவதைப் போல் படிப்படியாக வந்து சேர்வது. படிப்படியாக வருவதன் நடுவே ஒற்றைக் கோட்டைப் போடும்போது, கோட்டின் இரு ஓரங்களிலும் நிற்பவர்களுக்கு நியாயம் கிடைப்பதில்லை.

பாகுவில் பிறந்த அறிஞர்

‘ஒன்று உண்மையாக இருக்க வேண்டும்; அல்லது பொய்யாக இருக்க வேண்டும்; நடுவே மூன்றாவது நிலை கிடையாது’ என்பது கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் காலம் முதல் வழங்கிவரும் தருக்க நெறி. கணிதமும் அதன் வழியே வளர்ந்தது. கணினியும் அதன் வழியே பிறந்தது. ஒன்று, சுழி என்னும் இரண்டே எண்களைக்கொண்டு கணினி இயங்குவது நாம் அறிந்ததே.

இந்நெறியை விரிவுபடுத்தத் துணிந்தவர் லுத்ஃபி ஸாதே. காஸ்பியன் கடற்கரையிலுள்ள அஜர்பைஜானின் பாகு நகரில் 1921ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் ஈரானிய அஜர்பைஜானியரான பத்திரிகையாளர். தாயாரோ குழந்தை மருத்துவர். பத்து வயதில் குடும்பத்துடன் தெஹ்ரானுக்குக் குடிபெயர்ந்தார். தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் 1942இல் மின்பொறியியல் பட்டம் பெற்று, 1944இல் அமெரிக்கா சென்றார். மேற்படிப்புகளை முடித்தபின் 1959 முதல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார்.

1965இல் அவர் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையில்தான் மங்கல் கணங்கள் என்னும் கருத்து முதன்முதலாக விளக்கப்பட்டது. ‘உயரமான மனிதர்கள்’ என்று ஒரு கூட்டத்தைப் பிரிக்கச் சொன்னால் எந்த அங்குலத்தில் பிரிப்பது என்று அவர் கேட்டார். பாக்டீரியாவும் நட்சத்திர மீனும் விலங்கினத்தில் அடங்குமா என்பதில்கூட ஐயப்பாடு எழுவதைச் சுட்டிக் காட்டினார். ஒரு பொருள் ஒரு கூட்டத்தைச் சேர்ந்ததா, இல்லையா என்று மட்டும் கேளாமல், எந்த அளவுக்குச் சேர்ந்தது என்று கேட்க வேண்டும். அந்த அளவைச் சுழிக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணால் குறிக்க வேண்டும் என்பதே அவர் கூறிய கருத்து.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இக்கருத்தைப் பெரும் அறிஞர்கள் பலர் அந்நாளில் ஏற்க மறுத்தார்கள். கட்டுப்பாட்டியலில் உலகப் புகழ் பெற்ற ருடால்ஃப் கால்மன் வெளிப்படையாகவே எதிர்த்தார். ‘மங்கல்’ என்ற பெயரே பலரை மிரட்டியது. உண்மையில் மங்கலாக இருப்பது தருக்கமன்று. நாம் பேசும் சொற்களும் நாம் வாழும் உலகமுமே மங்கலானவை. அவற்றைத் துல்லியமாகக் கையாளுவதற்கான கணக்கு முறைதான் இது. எதிர்ப்புகளையெல்லாம் பொறுமையுடன் எதிர்கொண்ட ஸாதே, 2017 செப்டம்பர் 6ஆம் நாள் பெர்க்லியில் காலமானார். பிறந்த மண்ணான பாகுவிலேயே அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது.

கணக்கு நடக்கும் முறை

‘காலைச் சர்க்கரை அதிகம்’ என்ற கூற்றை எடுத்துக்கொள்வோம். 100 மில்லிகிராமும் அதற்குக் கீழும் இருந்தால் இக்கூற்றின் உண்மை அளவு சுழி. 140உம் அதற்கு மேலும் இருந்தால் அளவு ஒன்று. இடையில் சீராக ஏறுகிறது என்று விளக்கத்திற்காக வைத்துக்கொள்வோம். அப்படியானால் 125 உடையவருக்கு அளவு 0.625, 126 உடையவருக்கு 0.65. கோடு போட்டுப் பிரித்தபோது எதிரெதிர்க் கரைகளில் நின்ற இருவரும் இப்போது அருகருகே வந்துவிட்டார்கள். 105 உடையவருக்கோ அளவு 0.125 மட்டுமே. பழைய கணக்கில் 105உம் 125உம் ஒரே பட்டியலில் இருந்தன என்பதை எண்ணிப் பார்த்தால் இம்முறையின் நியாயம் விளங்கும்.

இதனை நிகழ்தகவோடு குழப்பிக்கொள்ளலாகாது. நோன்புக் கஞ்சியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மூடிய பானையிலுள்ள கஞ்சியில் உப்புப் போட்டிருக்க நூற்றுக்கு எழுபது வாய்ப்பு உண்டு என்பது நிகழ்தகவு. மூடியைத் திறந்து ஒரு கரண்டி சுவைத்ததும் அந்த ஐயம் தீர்ந்துவிடும். உப்பு போடப்பட்டிருக்கும், அல்லது போடப்பட்டிராது. சுவைத்த பிறகு, ‘உப்பு ஓரளவு போதும், இன்னும் சற்றுச் சேர்க்கலாம்’ என்கிறோமே, அதுதான் மங்கல் தருக்கம் பேசும் அளவு. அது நம் அறியாமையின் அளவன்று. பொருளிலேயே உள்ள தன்மையின் அளவு.

இவ்வாறு சொற்களுக்கு அளவு கொடுத்தபின், அனுபவசாலிகளின் அறிவை விதிகளாக எழுதிக்கொள்ளலாம். ‘சர்க்கரை அதிகமாகவும், ஏறிக்கொண்டும் இருந்தால் இன்சுலினை அதிகமாகக் கூட்டு’, ‘சர்க்கரை அதிகமாக இருந்தாலும் ஒரே நிலையில் நின்றால் சிறிதளவே கூட்டு’ என்பன போன்றவை அவ்விதிகள். ‘உம்’ என்று இணையும் இரண்டு நிபந்தனைகளில் எது சிறிய அளவோ அதுவே விதியின் வலிமை என்பது பொதுவான முறை.

ஒருவருக்குச் சர்க்கரை ‘அதிகம்’ என்பது 0.8 அளவும், ‘ஏறுகிறது’ என்பது 0.3 அளவும், ‘நிலையாக உள்ளது’ என்பது 0.7 அளவும் உண்மை என்க. முதல் விதியின் வலிமை 0.3, இரண்டாம் விதியின் வலிமை 0.7. முதல் விதி நான்கு பங்கு கூட்டச் சொல்கிறது. இரண்டாம் விதி ஒரு பங்கு கூட்டச் சொல்கிறது. 0.3ஐ நான்கால் பெருக்க 1.2, 0.7ஐ ஒன்றால் பெருக்க 0.7; இரண்டின் கூட்டுத்தொகை 1.9. வலிமைகளின் கூட்டுத்தொகையான ஒன்றால் வகுக்க, விடையும் 1.9 பங்கு. இரண்டு விதிகளும் தத்தம் வலிமைக்கு ஏற்ப முடிவில் பங்கு பெற்றுவிட்டன. (இந்த எண்கள் முறையை விளக்குவதற்காக மட்டுமே, எவருக்கும் மருந்தளவாக இவற்றைக் கொள்ளக் கூடாது.)

இம்முறையை இயந்திரத்தில் முதன்முதலாக நடத்திக் காட்டியவர், தான்சானியாவில் பிறந்து லண்டனில் பேராசிரியராக விளங்கிய இப்ராஹீம் மம்தானி. தம் மாணவர் ஒருவருடன் சேர்ந்து, ஒரு சிறு நீராவி இயந்திரத்தை இத்தகைய விதிகளைக்கொண்டு இயக்கி, 1975இல் அதனை வெளியிட்டார். அதன்பின் டென்மார்க்கின் சிமென்ட் சூளையிலும், 1987இல் ஜப்பானின் செண்டாய் நகரச் சுரங்க ரயிலிலும் இம்முறை இடம்பெற்றது. சலவை இயந்திரங்களிலும் சோறு சமைக்கும் மின்கலங்களிலும் ‘ஃபஸி’ என்ற முத்திரை பொறிக்கப்பட்டு வந்ததை வாசகர்கள் பலர் பார்த்திருக்கக்கூடும்.

மருத்துவருக்குத் துணை

நோயாளி மருத்துவரிடம் எண்களைச் சொல்வதில்லை. ‘மூட்டு காலையில் விறைத்துக்கொள்கிறது’, ‘வலி சில நாளாகக் கடுமையாக இருக்கிறது’, ‘பசி முன்னைப்போல் இல்லை’ என்றுதான் சொல்கிறார். மருத்துவரும் ‘இக்குறி இந்நோயில் பெரும்பாலும் தோன்றும்’, ‘அந்நோயில் அரிதாகவே தோன்றும்’ என்றே கற்றிருக்கிறார். ஆகவே மருத்துவம் இத்தருக்கத்திற்கு இயல்பான நிலமாக அமைந்ததில் வியப்பில்லை. ஸாதே அவர்களே உயிரியலில் இதன் பயன்பாடு பற்றி 1969இல் எழுதினார். 1970களின் இறுதியில் பிரான்சின் எலி சான்செஸ், நோய்க்குறிகளையும் நோய்களையும் மங்கல் உறவுகளால் இணைத்து நோயறியும் முறையை வகுத்தளித்தார்.

அதனை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்து அறிஞர் கிளாஸ் பீட்டர் அட்லாஸ்னிக். 1980களில் அவர் உருவாக்கிய ‘கேடியாக்-2’ என்னும் கணினி முறை மூட்டுவாத நோய்கள், கணைய நோய்கள் முதலியவற்றை ஆய்ந்தது. ஒவ்வொரு குறிக்கும் நோய்க்கும் இடையே அது இரண்டு அளவுகளை வைத்துக்கொண்டது. அந்நோயில் அக்குறி எவ்வளவு அடிக்கடி தோன்றும் என்பது ஒன்று. அக்குறி இருப்பது அந்நோயை எந்த அளவுக்கு உறுதிப்படுத்தும் என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றல்ல. காய்ச்சல் பல நோய்களில் அடிக்கடி தோன்றும். ஆனால் எந்தவொரு நோயையும் அது மட்டும் உறுதிப்படுத்தாது. அனுபவமிக்க மருத்துவரின் மனத்தில் இயல்பாகவே நிகழும் இந்த ஆய்வைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்ததே இம்முறையின் சிறப்பு.

அவருடைய குழுவின் பணி தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் விரிந்தது. மருத்துவமனையிலேயே தொற்றிக்கொள்ளும் நோய்களை அன்றாடம் கண்காணிக்கும் கணினி முறை ஒன்றும் வியன்னாப் பொது மருத்துவமனையில் அமைக்கப்பட்டது. காய்ச்சல் 38 பாகை இருந்தால்தான் கணக்கில் கொள்வோம், 37.9 இருந்தால் தள்ளிவிடுவோம் என்று அது இருப்பதில்லை. எல்லையை நெருங்கும் அளவுகளையும் அவற்றின் தரத்திற்கேற்ப எடுத்துக்கொள்கிறது. உயிருக்குப் போராடும் நோயாளியின் விஷயத்தில் இது சிறிய வேறுபாடன்று.

செயற்கைக் கணையம்

இன்சுலின் சுரப்பே அற்றுப்போன குழந்தைகளின் பெற்றோர் நிம்மதியாக உறங்குவதில்லை. உறக்கத்தில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிட்டால் குழந்தை நினைவிழக்கும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். ஆகவே நள்ளிரவில் எழுந்து குழந்தையின் விரலில் ஊசி குத்திப் பார்க்கும் தாய்மார்கள் உலகமெங்கும் உள்ளனர்.

இவர்களுக்காகவே தோலுக்கடியில் சர்க்கரையை ஓயாமல் அளக்கும் உணரியையும், இன்சுலின் செலுத்தும் சிறு பம்பையும் இணைக்கும் முயற்சி தொடங்கிற்று. நடுவே இருந்து முடிவெடுக்கும் மூளையாக மங்கல் தருக்கத்தைப் பயன்படுத்திய ஒரு முறை, இஸ்ரேல், ஸ்லோவேனியா, ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளில் நடந்த நீரிழிவுச் சிறார் முகாம்களில் சோதிக்கப்பட்டு, அதன் முடிவு 2013இல் வெளியாயிற்று. 10 முதல் 18 வயது வரையிலான 56 பேர் அதில் பங்கேற்றனர். வழக்கமான பம்புடன் கழித்த இரவில் சர்க்கரை 63 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிய நிகழ்ச்சிகள் 22. இக்கருவியுடன் கழித்த இரவில் அவை ஏழு மட்டுமே. இன்று பல நாடுகளில் விற்பனையிலுள்ள தானியங்கி இன்சுலின் பம்புகள் சிலவற்றில் இத்தகைய தருக்கத்தின் கூறுகள் இடம்பெற்றுள்ளன. தேர்ந்த மருத்துவர் நோயாளியின் அருகிலேயே அமர்ந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மருந்தளவைத் திருத்திக்கொண்டிருந்தால் எப்படியோ, அப்படி உழைப்பது இக்கருவியின் நோக்கம்.

ஆய்வுக்கூடத்தில்

மூளையை எம்.ஆர்.ஐ. கருவியால் படமெடுக்கும்போது அப்படம் இலட்சக்கணக்கான சிறு புள்ளிகளால் ஆகிறது. சாம்பல் நிறப் பொருளும் வெண்ணிறப் பொருளும் சந்திக்கும் இடத்தில் ஒரே புள்ளிக்குள் இரண்டுமே கலந்திருக்கும். ‘இது சாம்பலா, வெண்மையா, ஒன்றைச் சொல்’ என்று கணினியைக் கட்டாயப்படுத்தினால் பிழையே விளையும். ‘சாம்பல் 0.4, வெண்மை 0.6’ என்று சொல்ல விட்டால் எல்லைகள் உள்ளவாறே புலப்படும். 1973இல் ஜோசஃப் டன் தொடங்கி, 1981இல் ஜேம்ஸ் பெஸ்டெக் விரிவுபடுத்திய மங்கல் தொகுப்பு முறை இப்பணிக்குப் பெரிதும் பயன்பட்டு வருகிறது. கட்டியின் பரப்பையும், நரம்புறை அழியும் நோயில் தோன்றும் வடுக்களையும் அளப்பதற்கு இது உதவுகிறது.

மரபணு ஆராய்ச்சியிலும் இவ்வாறே. ஒரு மரபணு ஒரே ஒரு வேலையைத்தான் செய்யும் என்று கருதி அவற்றை வகை பிரித்து வந்தனர். ஆனால் ஒரே மனிதர் இல்லத்தில் தந்தையாகவும், கடையில் வணிகராகவும், பள்ளிவாசலில் நிர்வாகியாகவும் இருப்பதைப்போல், ஒரே மரபணு வெவ்வேறு சூழல்களில் வெவ்வேறு குழுக்களுடன் சேர்ந்து இயங்குகிறது. ஈஸ்ட் எனப்படும் பூஞ்சையின் மரபணுக்களை 2002இல் ஆட்ரி காஷும் மைக்கேல் ஐசனும் மங்கல் முறையில் தொகுத்தபோது, ஒரு மரபணு பல குழுக்களில் பங்கு பெறுவதைத் தெளிவாகக் காட்ட முடிந்தது.

முன்னோர் அறிந்த படிநிலை

இத்தருக்கத்தை நம் முன்னோர் கண்டுபிடித்துவிட்டனர் என்று உரிமை கொண்டாடுவது முறையாகாது. ஆனால் உடல்நிலையும் மருந்தும் படிநிலை உடையவை என்ற எண்ணம் இஸ்லாமிய உலகின் மருத்துவர்களுக்குப் புதியதன்று. ஆரோக்கியம், நோய், இரண்டுமல்லாத நிலை என மூன்றாகக் கிரேக்க மருத்துவர் காலன் வகுத்தார். இப்பகுப்பு பக்தாதின் மருத்துவர்களிடையே நன்கு அறியப்பட்டிருந்தது. இப்னு ஸீனா தம் ‘அல்கானூன்’ நூலின் தொடக்கத்திலேயே இது சரிதானா என்று ஆராய்கிறார். யூனானி மருத்துவத்தில் மருந்துகளின் வெப்பமும் குளிர்ச்சியும் நான்கு தரங்களாகக் கூறப்படுகின்றன. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்கிந்தி இத்தரங்களுக்குக் கணக்கே வகுத்தார். முதல் தர வெப்பம் என்றால் வெப்பம் குளிர்ச்சியைப்போல் இரண்டு மடங்கு. இரண்டாம் தரம் நான்கு மடங்கு. மூன்றாம் தரம் எட்டு. நான்காம் தரம் பதினாறு. ‘சற்றுச் சூடு’, ‘மிகுந்த சூடு’ என்ற சொற்களுக்கு எண்ணைத் தேடிய அம்முயற்சி வியக்கத்தக்கதன்றோ!

நம் மார்க்கச் சட்டமும் செயல்களை ஆகுமானது, ஆகாதது என்று இரண்டாக மட்டும் பிரிக்கவில்லை. கடமை, விரும்பத்தக்கது, அனுமதிக்கப்பட்டது, வெறுக்கத்தக்கது, விலக்கப்பட்டது என ஐவகையாகப் பிரிக்கிறது. படிநிலைகளில் சிந்திப்பது நமக்கு அந்நியமானதன்று என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறோம்.

குறைகளும் உண்டு

எந்தக் கருவிக்கும் எல்லை உண்டு. 100இல் தொடங்கி 140இல் முடியட்டும் என்று மேலே நாம் வைத்துக்கொண்டோமே, அந்த எண்களைத் தீர்மானிப்பது யார்? மனிதர்தாம். விதிகளை எழுதுபவரும் மனிதர்தாம். அவர் தவறாக எழுதினால் கருவியும் தவறாகவே நடக்கும். விதிகளின் எண்ணிக்கை பெருகப் பெருக அவற்றைச் சரிபார்ப்பதும் கடினமாகும். இன்று செயற்கை நுண்ணறிவு பேரளவிலான தரவுகளிலிருந்து தானே கற்றுக்கொள்கிறது. பல பணிகளில் அது பழைய விதி முறைகளை விஞ்சியும் விட்டது. ஆயினும், ‘ஏன் இந்த முடிவுக்கு வந்தாய்?’ என்று கேட்டால் அது விளங்கும்படி விடை கூறுவது அரிது. மங்கல் தருக்கமோ, தன் முடிவுக்குக் காரணமான விதியை மனிதர் படித்தறியும் சொற்களிலேயே காட்டவல்லது. உயிர் சம்பந்தப்பட்ட துறையில் இதன் மதிப்பு குறையவில்லை.

ரமலானும் நீரிழிவும்

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பில் இறைவன் சலுகை வழங்கியிருப்பதைத் திருமறையின் இரண்டாம் அத்தியாயத்தில் 184, 185ஆம் வசனங்களில் காண்கிறோம். நோயாளி என்பவர் யார்? சர்க்கரை உள்ளவர் எல்லாருமா? மாத்திரை உண்பவரா? இன்சுலின் போடுபவரா? இக்கேள்வி ஆண்டுதோறும் நம் குடும்பங்களில் எழுகிறது. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று கூறி, மருத்துவரிடமும் சொல்லாமல் நோன்பு நோற்கும் முதியோர் ஒருபுறம். ‘சர்க்கரை வந்துவிட்டது, இனி நோன்பே இல்லை’ என்று கட்டுப்பாட்டில் உள்ள நிலையிலும் விட்டுவிடுவோர் மறுபுறம். இரு சாராரும் ‘ஆம், இல்லை’ என்னும் கோட்டின் இரு கரைகளில் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

இதன் விளைவு அற்பமானதன்று. 2001ஆம் ஆண்டு ரமலானில் இந்தியா உள்ளிட்ட 13 நாடுகளில் 12,243 முஸ்லிம் நீரிழிவு நோயாளிகளிடம் ஆய்வொன்று நடத்தப்பட்டது. முதல் வகை நீரிழிவு உடையோரில் நூற்றுக்கு 43 பேரும், இரண்டாம் வகை உடையோரில் 79 பேரும் குறைந்தது பதினைந்து நாள்களாவது நோன்பு நோற்றனர். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகும் நிகழ்ச்சிகள் மற்ற மாதங்களைக் காட்டிலும் முதல் வகையினரிடம் 4.7 மடங்காகவும், இரண்டாம் வகையினரிடம் 7.5 மடங்காகவும் உயர்ந்தன.

சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு, ரமலான் நீரிழிவுக்கான அமைப்புடன் இணைந்து, மார்க்க அறிஞர்களின் கருத்தையும் பெற்று, 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இவ்விஷயத்தில் நல்லதொரு வழியைக் காட்டுகிறது. நீரிழிவின் வகை, அது வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, முன்பு சர்க்கரை தாழ்ந்த அனுபவம், சிறுநீரகத்தின் நிலை, முதுமைத் தளர்ச்சி, கடும் உடலுழைப்பு, நோன்பின் நேர அளவு என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இடப்படுகிறது. கூட்டுத்தொகை மூன்று வரையானால் ஆபத்து குறைவு; மூன்றரை முதல் ஆறு வரை நடுத்தரம்; ஆறுக்கு மேல் மிகுதி. இது மங்கல் தருக்கக் கணக்கன்று. ஆயினும் அதே மனப்பாங்கில் எழுந்தது. ‘நோயாளியா, இல்லையா?’ என்று கேளாமல், ‘எந்த அளவுக்கு?’ என்று கேட்கிறது.

ஆகவே சர்க்கரை உள்ளவர்கள் ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்னதாகவே மருத்துவரைக் காண்பது அவசியம். மாத்திரையின் அளவையும் நேரத்தையும் அவரே மாற்றித் தர வேண்டும், நாமாக மாற்றலாகாது. நோன்பு நோற்றிருக்கும்போது விரல் நுனியில் இரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பரிசோதிப்பதால் நோன்பு முறிவதில்லை என்பதே அறிஞர்கள் பலரின் முடிவு. சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலும், 300க்கு மேல் ஏறினாலும், உடல் நடுங்கி மயக்கம் வருவதாகத் தோன்றினாலும், நோன்பு திறக்கும் நேரத்திற்கு அரை மணியே மீதமிருந்தாலும்கூட, உடனே நோன்பை விட்டுவிட வேண்டும் என்று அவ்வழிகாட்டுதல் அறிவுறுத்துகிறது.

அளவு பல, முடிவு ஒன்று

‘எல்லாமே அளவைப் பொறுத்தது என்றால், முடிவே எடுக்க முடியாதே’ என்று சிலர் கேட்கலாம். வைகறையைப் பாருங்கள். இருள் ஒரு நொடியில் விலகி ஒளி வந்துவிடுவதில்லை. கீழ்வானில் வெளுப்பு மெல்ல மெல்லவே பரவுகிறது. ஆயினும் ஸஹர் உணவை நிறுத்தும் நேரம் ஒன்று உண்டு. வெள்ளை நூலும் கறுப்பு நூலும் என்ற உவமையால் திருமறை அதனை நமக்கு உணர்த்துகிறது. பள்ளிவாசல்களின் நேர அட்டவணை அதனை நிமிடக் கணக்கில் அச்சிட்டுத் தருகிறது. இயற்கை படிப்படியானது, கடமையோ திட்டவட்டமானது. மங்கல் தருக்கத்திலும் இறுதிப் படி இதுவே. எத்தனை அளவுகளைக் கலந்து கணக்கிட்டாலும், முடிவில் பம்பு செலுத்துவது ஒரே ஒரு திட்டமான அளவு இன்சுலின்தான்.

‘லேசான சர்க்கரைதானே’ என்று சொல்லிக்கொண்டு பரிசோதனையைத் தள்ளிப்போடுவதற்கு இத்தருக்கம் இடம் தரவில்லை. 0.625 என்பது சுழியன்று. கோட்டிற்கு இப்பால் நிற்கிறோம் என்று அமைதியடைய வேண்டாம். எந்தத் திசையில் நகர்ந்துகொண்டிருக்கிறோம் என்று பாருங்கள். அவ்வாறே, மருத்துவர் சொல்லி ரமலானில் நோன்பை விட்டவரைப் பார்த்து, ‘ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்’ என்று குறை பேசுவதும் வேண்டாம். அவருடைய நோயின் அளவு அவருடைய முகத்தில் எழுதியிருப்பதில்லை. குணமானபின் வேறு நாள்களில் நோற்பதா, குணமாகும் நம்பிக்கை இல்லாத நிலையில் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யாவா என்பதை ஆலிம்களிடம் கேட்டு அவர் நிறைவேற்றட்டும். சலுகையை வழங்கியவனும் இறைவனே.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன் நிலையை உள்ள அளவில் அறிந்து, அதற்குரிய கடமையை ஆற்ற வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக!